இடது கை வீட்டுப்பாடம்

இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பதிவேட்டைப் புரட்டி முப்பத்திரண்டு என்பார்கள். நம்பாதீர்கள். உண்மையில் சேர்ந்தது நாற்பத்தைந்து பேர். மிச்சம் பதின்மூன்று பேருக்கு மீசை இருக்கும். சீருடை கிடையாது, பெஞ்சு கிடையாது, பெயர் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுக்க யாரும் கிடையாது. ஆனாலும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்க மாட்டார்கள். இந்த இனத்துக்கு ஒன்றாம் வகுப்பு அப்பா என்று பெயர்.

அம்மாக்களில் இந்த இனம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு வேறு வேலைகளும் இருப்பதால் நோய் அத்தனை முற்றுவதில்லை.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மணி அடித்து, பிள்ளைகள் உள்ளே போய், காவலாளி கதவைச் சாத்தி, சாத்திய கதவில் தாழ்ப்பாளும் போட்ட பிறகு, அந்தத் தாழ்ப்பாளுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இரண்டு விரற்கடை இடைவெளியில் ஒரு கண் தெரிகிறதா? அதுதான். இன்னொரு அடையாளம், அவர் பேச்சு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ‘அவளுக்குக் காய்ச்சல்’ என்பார். குழந்தை கீழே விழுந்தால் ‘அவ விழுந்துட்டா’ என்பார். பாடம் என்று வந்துவிட்டால் மட்டும் ‘நமக்கு’. “நமக்கு நாளைக்கு ஒத்தைப்படை எண்ணா, ரெட்டைப்படை எண்ணா?” “நாம இன்னும் கழித்தலுக்கு வரலையே, உங்க பிரிவுல வந்தாச்சா?” நாற்பது வயது ஆள், வழுக்கை விழுந்த ஆள், வீட்டுக் கடன் வாங்கிய ஆள், இன்னும் கழித்தலுக்கு வரவில்லை.

நாம் பார்க்கப்போகிற அப்பா பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஆயிரம் மூடி வந்தால் பத்தை எடுத்து, அளந்து, சுழற்றி, வெளிச்சத்தில் காட்டி, ‘ஏற்கத்தக்கது’ என்று முத்திரை குத்துவது வேலை. பதினாறு வருஷமாகக் குத்துகிறார். வீட்டில் கறிகாய் வாங்கி வந்தால்கூட மனைவி பையைத் திறக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். ஏற்கத்தக்கதா என்று தெரிய வேண்டுமே. மனைவி குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாளைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவர். ஆகையால் பிள்ளைகளைக் கண்டும் பயமில்லை, பிள்ளைகளின் அப்பாக்களைக் கண்டும் பயமில்லை. மகளுக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் மிளகு. ஆள் அவ்வளவுதான் இருப்பாள். வாயைத் திறந்தால் ஏன் அந்தப் பெயர் என்று தெரியும்.

மிளகு பள்ளிக்கூடம் போன முதல் வாரம். தினமும் சாயங்காலம் சட்டையைக்கூட மாற்றாமல் அப்பா விசாரணையைத் தொடங்கிவிடுவார்.

“இன்னிக்கு என்ன படிச்சே?”

“ஒண்ணும் படிக்கலப்பா.”

“பின்ன என்ன பண்ணினீங்க?”

“தண்ணி ஊத்தினோம்.”

“தண்ணியா? எங்க?”

“குண்டு டம்ளர்லேர்ந்து ஒல்லி டம்ளருக்கு.”

“எதுக்கு?”

“எதுல நிறைய இருக்குன்னு பாக்க. ரெண்டுலயும் ஒண்ணுதான்ப்பா. ஒல்லி டம்ளர் சும்மா பொய் சொல்லுது.”

ஒல்லி டம்ளர் பொய் சொல்லும் என்கிற உண்மையைக் கண்டுபிடிக்க அப்பாவின் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவுக்கு ஆறு வருஷமும் மூன்று மேனேஜர்களும் தேவைப்பட்டன. இவள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டாள். அப்பாவுக்கு அது காதில் விழுந்ததா? விழவில்லை. அவர் காதில் விழுந்தது ‘ஒண்ணும் படிக்கல’ மட்டும்.

மறுநாள்: “இன்னிக்கு?”

“வரிசையில நின்னோம்.”

“நின்னு?”

“என் முறை வர்ற வரைக்கும் நின்னேன்.”

“அப்புறம்?”

“என் முறை வந்துச்சு.”

“அவ்வளவுதானா!” என்று தலையில் கை வைத்தார் அப்பா. அன்று காலைதான் அவர் பல் ஆஸ்பத்திரியில் ஒன்பது பேரைத் தாண்டிப் போய், ‘ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்’ என்று டோக்கன் வாங்கி வந்திருந்தார். அவர் படித்த பள்ளியில் வரிசைப் பாடம் நடக்கவில்லை போலும்.

“விளையாடவா இவளை அனுப்பறோம்?” என்று மனைவியிடம் கொதித்தார்.

“அவ படிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கா. உங்களுக்குத்தான் இன்னும் அட்மிஷன் கிடைக்கல” என்றார் நர்ஸம்மா, துணி மடித்தபடியே.

அட்மிஷன் கிடைத்தது. பெற்றோர் கூட்டத்தில்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஐம்பதை ஒட்டிய ஒல்லி மனுஷி. குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆளுக்கொரு கோடு போடாத நோட்டைக் கொடுத்தார். “இது வீட்டு நோட்டு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். குழந்தை பார்த்ததை வரையட்டும், எண்ணினதை எழுதட்டும், மனசுல வர்றதைக் கிறுக்கட்டும். தப்பா இருந்தா அப்படியே விட்டுடுங்க. எனக்கு அந்தத் தப்புதான் வேணும். பெரியவங்க யாரும் கை வைக்காதீங்க” என்றார்.

இதைவிடத் தெளிவாகத் தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா? முப்பத்திரண்டு குடும்பங்களும் தலையாட்டின. அந்தப் பதின்மூன்று பேரும் ஆட்டினார்கள். ஆட்டிய தலைக்குள் பதிந்தது வேறு: போட்டி ஆரம்பம்.

முதல் பக்கம், விதை முளைப்பது. மிளகு விதைக்கு இரண்டு கால் போட்டு, தலையில் ஒரு இலை வைத்து, ‘இவன் இப்பதான் எழுந்தான்’ என்று விளக்கமும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். அப்பா பார்த்தார். விதைக்குக் காலா? மகள் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தத் தாளை நாசூக்காகக் கிழித்தெடுத்தார். அளவுகோல் வைத்து வெட்டுத்தோற்றம் வரைந்தார். விதையுறை, முளைவேர், முளைக்குருத்து என்று அம்புக்குறி போட்டுப் பெயரெழுதினார். ஓரத்தில் அளவுவிகிதம்கூடக் குறித்தார். நோட்டு இரண்டு நாளில் திரும்பி வந்தது. பச்சை மையில் ஒரே வரி: ‘மிக அழகு. குழந்தை வரைந்ததையும் அனுப்புங்கள்.’

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தோடு நிறுத்தியிருப்பார்கள். தரப் பரிசோதகர் அப்படிப்பட்டவரா? சரக்கு திரும்பி வந்தால் எங்கே கோளாறு என்று பார்ப்பதுதான் அவர் தொழில். பார்த்தார். கோளாறு பிடிபட்டது. படத்தில் தப்பே இல்லை. டீச்சர்தான் தப்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாரே! கேட்ட சரக்கைக் கொடுக்காதது யார் குற்றம்?

அன்றிலிருந்து இடது கை.

வலது கைக்காரர் இடது கையால் எழுதினால் என்ன வரும்? கோடு தள்ளாடும், வட்டம் உருளைக்கிழங்காகும், எழுத்து மல்லாக்கப் படுக்கும். அச்சு அசல் ஐந்தரை வயதுக் கை. அதோடு விட்டாரா? எத்தனை தப்பு வரலாம் என்று ஒரு வரம்பு வேண்டாமா? தொழிற்சாலையில் ஒவ்வொரு பிழைக்கும் வரம்பு உண்டு. பத்துக்கு மூன்று என்று முடிவு செய்தார். எண்களில் மூன்றைத் திருப்பிப் போடுவது, ஒரு எழுத்தில் கொம்பை விடுவது, படத்தில் ஆளுக்கு ஒரு விரலைக் கூட்டுவது. இந்த மூன்றும் எந்தெந்தப் பக்கத்தில் எங்கெங்கே வர வேண்டும் என்பதற்கு ஆபீஸ் மேஜை டிராயரில் ஓர் அட்டவணை. தினமும் காலையில் மிளகு குளிக்கும் இருபது நிமிஷம் உற்பத்தி நேரம். நாக்கைத் துருத்தி, தோளைத் தூக்கி, இடது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவர் படும் பாட்டை ஒன்றாம் வகுப்பில் எந்தக் குழந்தையும் பட்டிருக்காது. நோட்டு டீச்சரிடம் போகும். ஒரு டிக்கோடு திரும்பி வரும். ஏற்கத்தக்கது!

சில நாள் மிளகு சீக்கிரம் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்து பின்னால் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். சொட்டச் சொட்ட நின்று பார்ப்பாள். ஒருநாள் மட்டும், “அப்பா, நோட்டைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சுக்கோ. கை வலிக்காது” என்றாள். என்ன அடக்கமான குழந்தை என்று அப்பா பூரித்துப்போனார்.

ஒன்பது மாதம் இப்படிப் போயிற்று. வருஷக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பெற்றோர் இருவரும் காலையிலேயே வந்து பார்க்க வேண்டும் என்று டீச்சரிடமிருந்து சீட்டு வந்தது.

“பாராட்டத்தான் கூப்பிடறாங்க” என்றார் அப்பா, இருப்பதில் நல்ல சட்டையாகத் தேடிக்கொண்டே.

“பாராட்டறதுக்கு ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் மயக்கம் போட்டா இன்னொருத்தர் பிடிக்கணும்னுதான் ரெண்டு பேரைக் கூப்பிடுவாங்க. எங்க ஆஸ்பத்திரில அப்படித்தான்” என்றார் நர்ஸம்மா.

வகுப்பறையில் நாற்காலி எல்லாம் முழங்கால் உயரம். அப்பா உட்கார்ந்தபோது அவருடைய முட்டிகள் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மற்றப் பிள்ளைகள் வெளியே மைதானத்தில். மிளகு மட்டும் மூலையில் பாய்மேல் உட்கார்ந்து, பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் இரண்டு நோட்டுகளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வகுப்பு நோட்டு. மற்றது வீட்டு நோட்டு.

“இதை முதல்ல பாருங்க” என்று வகுப்பு நோட்டைத் திறந்தார். “முதல் மாசம் மூணைத் திருப்பிப் போட்டிருக்கா. ரெண்டாம் மாசம் மூணு சரி, ஏழு திரும்பிடுச்சு. நாலாம் மாசம் எல்லா எண்ணும் நேரா இருக்கு, ஆனா பன்னண்டு பொத்தானைப் பதிமூணுன்னு எழுதியிருக்கா. ஏன்னா ஒண்ணை ரெண்டு தடவை எண்ணிட்டா. ஆறாம் மாசம் எண்ணினதைத் தனியாத் தள்ளி வைக்கக் கத்துக்கிட்டா. இப்ப வேற தப்பு. தப்பு மாறிக்கிட்டே போகுது பாருங்க. வளர்ற பிள்ளைக்கு செருப்பு பத்தாமப் போற மாதிரி, பழைய தப்பு பத்தாமப் போயிடும். புதுத் தப்பு வேணும். இதைத்தான் நாங்க படிப்புன்னு சொல்றோம்.”

“ரொம்பச் சரி டீச்சர்” என்றார் அப்பா.

“இப்ப வீட்டு நோட்டு.” டீச்சர் குரல் இன்னும் தாழ்ந்தது. “முதல் மாசம் பத்துக்கு மூணு தப்பு. ரெண்டாம் மாசம் பத்துக்கு மூணு. போன வாரம் பத்துக்கு மூணு. அதே மூணு! இருபத்திரண்டு வருஷமா ஒண்ணாம் வகுப்பு எடுக்கறேன் சார். இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ற குழந்தையை நான் பார்த்ததே இல்ல.”

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ‘ஒழுங்கா’ என்ற வார்த்தை காதில் விழுந்தபோது அப்பாவுக்கு ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது.

“வகுப்புல ஓடறா. வீட்டுக்குப் போனதும் அப்படியே நின்னுடறா. வீட்ல யாராவது மிரட்டறீங்களா?”

“மிரட்டற அளவுக்கு இவருக்குத் தைரியம் கிடையாது டீச்சர்” என்றார் நர்ஸம்மா. சொல்லிவிட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் பார்வையை எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு ஊசி போடுகிறவருக்கு, எந்த முகம் எதை மறைக்கிறது என்று தெரியாதா?

“எனக்கு இவளைப் பத்திக் கவலை இல்ல” என்றார் டீச்சர். “ஆனா ரெண்டாம் வகுப்புக்குப் போறவங்க பட்டியல் இன்னிக்கு நாலு மணிக்குத் தலைமை டீச்சர்கிட்ட போகணும். குழந்தை தனியாச் செய்யறது என்னன்னு அவங்க வீட்டு நோட்டைத்தான் பாப்பாங்க. இதைப் பாத்தா இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்னு சொல்லிடுவாங்க. கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் மேல போயிடும்.”

சொல்லிக்கொண்டே பட்டியலில் மிளகின் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டார். சின்னக் கேள்விக்குறிதான். அப்பாவுக்கு அது தூண்டில் கொக்கி மாதிரி தெரிந்தது.

வாயைத் திறந்தார். “டீச்சர், அது வந்து... வீட்ல மேஜை கொஞ்சம் ஆடும்.”

“ஒன்பது மாசமாவா?”

“இல்ல, நான்... நான்தான்...”

“நீங்க?”

“நான்தான் சரியாக் கவனிக்காம விட்டுட்டேன்.”

ஆயிரம் மூடியில் எது சொத்தை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர். தன் வாயிலிருந்து வந்தது சொத்தை என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் வெளியே அனுப்பிவிட்டார்.

அப்போது மூலையிலிருந்து மிளகு எழுந்து வந்தாள். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தாள். “டீச்சர், அது என் நோட்டு இல்ல. அப்பா நோட்டு” என்றாள்.

டீச்சர் வீட்டு நோட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்பா எழுதப் பழகறாங்க டீச்சர். இன்னும் சரியா வரல. தினமும் உக்காந்து எழுதறாங்க, பாவம். கை நடுங்குது. நாக்கு வெளிய வந்துடுது. மூணு எந்தப் பக்கம் பாக்கும்னு மறந்து மறந்து போயிடறாங்க. நான் தப்புன்னு சொல்லவே இல்ல. மெதுவா வர்றவங்களைப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நர்ஸம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் என்று நினைத்துக்கொள்ளலாம். டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தார்.

“ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எழுதுங்க சார்.”

அப்பாவின் வலது கை நீண்டது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை திரும்பிப் போயிற்று. இடது கையால் பென்சிலை எடுத்து எழுதினார். மூன்று திரும்பியது. அட்டவணைப்படி.

“நான்தான் டீச்சர். மொதல் நாள்லேர்ந்து நான்தான்” என்றார். இந்த முறை சொத்தை இல்லை.

“தெரியுது” என்றார் டீச்சர். பிறகு மிளகைப் பார்த்து, “அப்ப உன்னோட வீட்டு வேலை எங்கடா கண்ணு? நீ செய்யவே இல்லையா?”

“செஞ்சேனே! அப்பாதான் நோட்டை எடுத்துக்கிட்டாங்க. அதனால அலமாரிக் கதவுல எழுதினேன். உள்பக்கம்.”

“எந்த அலமாரி?” என்றார் அம்மா.

“அப்பா சட்டை வைக்கிறது.”

அந்த அலமாரியை அப்பா தினமும் காலையில் திறக்கிறார். இன்று காலையில்கூட நல்ல சட்டை தேடி ஐந்து நிமிஷம் திறந்து வைத்திருந்தார். ஆனால் சட்டை மாட்டியிருப்பது மேலே. இடுப்புக்குக் கீழே எதையும் பார்க்கிற வழக்கம் பெரியவர்களுக்கு இல்லை.

“ஒரு போட்டோ எடுத்து நாலு மணிக்குள்ள அனுப்புங்க. போதும்” என்றார் டீச்சர்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? போட்டோ எடுப்பீர்கள். அதனால்தான் நீங்கள் தரப் பரிசோதகர் இல்லை.

“போட்டோவை யார் நம்புவாங்க?” என்றார் அப்பா, மதியம் மிளகையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், ஸ்குரூ டிரைவரைத் தேடியபடி. “நோட்டு முழுக்க நான் எழுதியிருக்கேன். கதவை மட்டும் நான் எழுதலன்னு என்ன அத்தாட்சி? அசலையே கொண்டு போறேன்.”

“அதுக்காகக் கதவைக் கழட்டுவீங்களா? துணியெல்லாம் தூசியாகும்.”

“ஆகட்டும்.”

திருகாணி கழற்றத் தரையில் உட்கார்ந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கதவின் அடிப்பாகத்தில் கால் முளைத்த விதை. அவர் கிழித்துப் போட்டாரே, அதையே மறுபடி வரைந்திருந்தாள். அதற்குமேல் திரும்பிய மூன்றுகள், பிறகு நேரான மூன்றுகள். ஜோடி சேராத ஒரு காலுறைக்கு அழுமூஞ்சி. கொம்பில்லாத எழுத்துகள், கொம்பு வந்துவிட்ட சந்தோஷத்தில் தேவையில்லாத இடத்திலெல்லாம் கொம்பு வைத்த எழுத்துகள், பிறகு சரியான எழுத்துகள். அவள் உயரம் ஏற ஏற எழுத்தும் கதவில் ஏறியிருந்தது. நடுநடுவே ஓர் ஆள், மேஜை முன்னால், நாக்கு வெளியே, இடது கை மட்டும் பூசணிக்காய் அளவுக்கு. அந்த ஆளுக்குப் பக்கத்தில் சில இடங்களில் பச்சை நட்சத்திரம். அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணியதைத் தனியாகத் தள்ளி வைக்க முடியாததால் இரண்டு தடவை எண்ணினார். ஒன்பது மாதத்தில் அவர் வாங்கியது நான்கு நட்சத்திரம்.

“ஏங்க, மணி மூணே கால்” என்றார் நர்ஸம்மா. குரலில் கேலி இல்லை.

கதவைத் தலைமேல் வைத்துக்கொண்டு புறப்பட்டார். அது பெரிய கதவு. எந்த வண்டியிலும் ஏறவில்லை. மிளகு முன்னால் நடந்து, “வழி விடுங்க, வழி விடுங்க, என் வீட்டுப்பாடம் வருது!” என்று கத்திக்கொண்டே போனாள். தெருமுனைத் தையல்காரர் தலையை நீட்டினார்.

“என்ன சார், வீடு மாத்தறீங்களா?”

“இல்ல, பொண்ணை ரெண்டாம் வகுப்புக்கு மாத்தறேன்.”

தையல்காரர் அதற்குப் பிறகு வெகுநேரம் ஊசியில் நூல் கோக்கவில்லை என்று கேள்வி.

பாதி வழியில் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு சுவரில் கதவைச் சாய்த்து வைத்தார். மிளகு எதிர்க்கடைப் பூனையைப் பார்க்கப் போய்விட்டாள். அப்பாவும் கதவும் தனியாக நின்றார்கள். கண்ணெதிரே போன வாரத்து வரி. ‘மரத்துல பத்து கிளி, ரெண்டு பறந்து போச்சு, மீதி ஒன்பது’ என்று எழுதியிருந்தது. அவர் சட்டைப்பையில் பென்சில் இருந்தது. நாலு மணிக்குத் தலைமை டீச்சர் பார்ப்பார். ஒன்பதை எட்டாக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. கை பென்சில் வரைக்கும் போயிற்று. மூச்சை இழுத்துப் பிடித்தார். அந்தக் கிளிகளை விட்டுவிட்டார். ஐயா, அது லேசான காரியமில்லை. பதினாறு வருஷப் பரிசோதகர் ஒரு தப்பைக் கண்டும் கை வைக்காமல் கடந்து போகிறார்.

கதவு பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியபோது பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அப்பாக்கள் அத்தனை பேரும் அங்கே நின்றிருந்தார்கள். தலைமை டீச்சர் அறைக்குள் கதவு நுழையவில்லை; அவரே வராந்தாவுக்கு வந்தார். டீச்சர் தரையில் உட்கார்ந்து அடியிலிருந்து படிக்கத் தொடங்கினார். கால் முளைத்த விதையைப் பார்த்துத் தலையாட்டினார். கிளியிடம் வந்ததும் நின்றார். அப்பாவின் உயிரும் நின்றது.

“ஏன்டா ஒன்பது?”

“ரெண்டு பறந்துச்சு டீச்சர். அதுல ஒண்ணு திரும்பி வந்துடுச்சு. அது பறந்தவுடனே பசிச்சுடுச்சாம்.”

தலைமை டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “இதைவிட நல்ல விடை எனக்கும் தெரியாது” என்றார்.

அப்பா மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் டீச்சரின் விரல் எழுத்துகளுக்கு மேலே ஓரத்தில் இருந்த சூரியனில் போய் நின்றது.

“இது யார் போட்டது?”

சூரியனுக்கு ஏழு கதிர் கோணலும் மாணலுமாக இருந்தது. எட்டாவது கதிர் மட்டும் அளவுகோலில் பிறந்தது போல் விறைப்பாக நின்றது.

“அந்தப் பக்கம் காலியா இருந்துச்சு டீச்சர்” என்றார் அப்பா ஈனஸ்வரத்தில். “கை தானாப் போயிடுச்சு.”

மிளகு எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். “பரவாயில்லப்பா. முன்னைக்கு இப்ப கோடு நேரா வருது” என்றாள்.

தலைமை டீச்சர் பட்டியலை வாங்கிக் கேள்விக்குறியை அடித்தார். “பொண்ணு போகலாம். அப்பா?”

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இன்னொரு வருஷம் இங்கேயே இருக்கட்டும்.”

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? வாசலில் நின்ற மிச்சப் பன்னிரண்டு பேரை மறந்துவிட்டீர்களே. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கதவின் படம் வந்துவிட்டது. ‘இரண்டாம் வகுப்புக்குக் கதவு கட்டாயமாம்!’ ‘நமக்குத் தேக்கா, பிளைவுட்டா?’ ‘உள்பக்கமா, வெளிப்பக்கமா? யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்.’ கட்டட இன்ஜினியர் அப்பா ஒருவர் மறுநாளே தச்சரைக் கூப்பிட்டு இரண்டு கதவுக்குச் சொல்லிவிட்டார். ஒன்று பழகிப் பார்ப்பதற்கு. வந்த கதவின் முன்னால் அவர் மண்டி போட்டு, இடது கையில் கிரேயானோடு, கால் முளைத்த விதை வரைந்துகொண்டிருந்ததை அவருடைய மகன் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும்.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ‘நான் அந்த ரகமில்லையப்பா, குழந்தை எழுதும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், பென்சிலைத் தொடவே மாட்டேன்’ என்கிறீர்கள். நம்புகிறேன். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ரப்பர் யார் கையில் இருக்கிறது?